குடும்பக்கட்டுப்பாடு மனைவிக்கு மட்டும்தானா?

இரண்டாவது பிரசவத்துக்கு வரும் பெண்ணின் வீட்டார் மகப்பேறு மருத்துவரான என்னிடம் தவறாமல் கேட்பது இதுதான்: "இதோடு குடும்பக்கட்டுப்பாடும் செய்துவிடுவீர்கள்தானே, டாக்டரம்மா?" கேட்பவர் மாமியாராகவோ அம்மாவாகவோ இருப்பார். அந்தப் பெண்ணுக்கு 24, 25 வயதுதான் இருக்கும். கணவருக்கே செய்துவிடலாமே என்றால், அவர் வாய் திறக்கும் முன் மாமியார் முந்திக்கொள்வார்: "அவன் பாரம் தூக்கி உழைக்கிற பிள்ளை. அவனுக்கு எதற்கு?"

தமிழ்நாட்டில் இப்படித்தான் முடிவெடுக்கிறோம் என்பதை 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் காட்டுகிறது. மணமான, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் வெறும் 0.1 சதவீதம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்ற நிலையை நாம் எட்டியதற்குப் பெண் கல்வியும் திருமண வயது உயர்ந்ததும் குழந்தை இறப்பு குறைந்ததும் காரணங்கள்தான். ஆனால் கருத்தடையின் சுமையைத் தாங்கியது பெண்ணின் உடல்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950களின் பிற்பகுதியில் ஆண் கருத்தடையை முன்னெடுத்த மாநிலம் அன்றைய மதராஸ். தலைமைச் செயலாளர் ஆர். ஏ. கோபாலசாமி அதற்காகப் பிடிவாதமாக நின்றார். 1971இல் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கும் அதிகமான ஆண்கள் செய்துகொண்டார்கள். அதன்பின் நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை. பெரும்பாலோர் ஆண்கள், பலர் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். அந்தக் கோபத்துக்குப் பிறகு அரசுத் திட்டம் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் கருத்தடை முகாம்களுக்கு வந்த பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாம்களையே நிறுத்துமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கத்தி இல்லாமலும் பிறப்பு விகிதம் குறையும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 1970களில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல் இருந்த நாடு அது. பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்று அங்கே இரண்டை ஒட்டி நிற்கிறது. அதிகம் பயன்படுவது இன்றும் மாத்திரைதான்.

"சிசேரியனில் வயிறு திறந்திருக்கும்போதே முடித்துவிடலாமே" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். 35 வயதில், யோசித்து, தானே கேட்கும் பெண்ணுக்கு நானும் செய்கிறேன். 24 வயதுப் பெண்ணுக்கு, பிரசவ வலிக்கு நடுவிலோ, பிறந்த குழந்தை ஒரு வாரத்தைக்கூடக் கடக்காத நிலையிலோ கையெழுத்து வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2004 சுனாமியில் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டவர்கள். அவர்களுடைய கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சைக்குத் தமிழக அரசு உதவித்தொகை அறிவிக்க வேண்டியிருந்தது. அப்படி இணைத்தாலும் கரு தங்கும் என்று உறுதியில்லை.

அவசரப்படத் தேவையும் இல்லை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பொருத்தலாம், சிசேரியனின்போதும் முடியும். ஒரு வகை பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும், எடுத்துவிட்டால் மீண்டும் கருத்தரிக்கலாம். முதல் சில மாதங்கள் சிலருக்கு உதிரப்போக்கு கூடும், சிலருக்குத் தானாக வெளியே வந்துவிடும். ஆகவே ஆறாவது வாரம் வந்து காட்டுவது அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும், ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையும் அரசுத் திட்டத்தில் இலவசம். அந்தராவை நிறுத்தியபின் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

குழந்தைகள் வளர்ந்தபின், இனி வேண்டாம் என்று இருவரும் உறுதியாக இருந்தால், எளிய அறுவை சிகிச்சை கணவருக்கானதுதான். நவீன தழும்பில்லா முறையில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு துளை வழியே விந்துக்குழாயைத் துண்டிப்பார்கள். கால் மணி நேர வேலை, தையல் கிடையாது, அன்றே வீடு திரும்பலாம். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் நேராகக் கலப்பதால் தாம்பத்தியத்தில் குறை வராது. பாரம் தூக்குவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் போதும். பிறகு பழைய வேலையைப் பழையபடி செய்யலாம். இதையும் நிரந்தரம் என்றே எண்ணி முடிவெடுக்க வேண்டும்.

கணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செய்துகொண்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. குழாயில் தங்கியிருக்கும் உயிரணுக்கள் வெளியேறும்வரை மூன்று மாதங்கள் ஆணுறை கட்டாயம். அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று அறிக்கை வந்த பிறகே அதை நிறுத்தலாம்.