ரத்தம் வருகிறது என்று தேய்ப்பதை நிறுத்தாதீர்கள்

“பல் தேய்த்தால் ரத்தம் வருது டாக்டர், அதனால அந்தப் பக்கம் பிரஷ் படாம பார்த்துக்கிறேன்.” சிங்கப்பூரில் என் பல் மருந்தகத்துக்கு வரும் நம்மவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். போன ஆண்டு வந்த ஓர் அண்ணனும் அப்படித்தான். ஐம்பது தாண்டியவர், பல வருடங்களாகச் சர்க்கரை.

ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் அல்ல. ஈறு ஓரத்தில் கிருமிப் படலம் தங்கி, ஈறு வீங்கியிருக்கிறது. தேய்ப்பதை விட்டால் படலம் தடிக்கும். எச்சிலில் உள்ள கால்சியம் அதில் படிந்து கல்லாக இறுகும். பிறகு எந்த பிரஷாலும் அதை எடுக்க முடியாது. இந்தக் கட்டத்திலேயே வந்துவிட்டால் கல்லை எடுத்து, ஒழுங்காகத் தேய்த்தாலே ஈறு பழையபடி ஆகிவிடும்.

அவர் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு அளப்போம். 1 முதல் 3 வரை நல்லது. அவருக்குக் கடைவாய்ப் பல்லில் 6. எக்ஸ்ரேயில் பல்லைத் தாங்கும் எலும்பும் இறங்கியிருந்தது. “வலியே இல்லையே டாக்டர்!” என்றார். இந்த ஈறு நோயில் என்னை மிகவும் வருத்துவது அதுதான். பெரும்பாலும் வலிக்காமலேயே எலும்பு கரையும், கரைந்தது தானாக வளராது. நீங்காத வாய்நாற்றம், பல் நீளமாகத் தெரிவது, புதிதாக விழும் சந்து, பல் ஆட்டம் இவற்றைக் கவனியுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்தம்கூட அவ்வளவாக வராது. நோய் மறைந்தே இருக்கும்.

சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். சர்க்கரைக்காகப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தவறாமல் கண்ணையும் காலையும் காட்டுகிறவர்கள், தயவுசெய்து வாயையும் காட்டுங்கள்.

“கல் எடுத்தால் பல் ஆடும்” என்று எங்கள் அத்தைகூடச் சொல்வார். எலும்பு கரைந்த பல்லைக் கல் முட்டுக் கொடுத்தது போலப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டமும் சந்தும் தெரிகின்றன, அவ்வளவுதான். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. அரசின் சமூகச் சுகாதார உதவித் திட்டமான சாஸின் (CHAS) நீல நிற அட்டையோ, மூத்தவர்களுக்கான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால், சாஸ் திட்டத்தில் உள்ள பல் மருந்தகங்களில் கல் எடுக்க மானியம் கிடைக்கும்.

அந்த அண்ணனுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்தோம். சில பேருக்கு அதன் பிறகும் ஆழம் குறையாவிட்டால் ஈறு அறுவை சிகிச்சை தேவைப்படும். பல் சந்துகளுக்கான குட்டி பிரஷைத் தினமும் இரவில் பயன்படுத்தச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அளந்தபோது 6 இருந்த இடத்தில் 4. ரத்தம் நின்றுவிட்டது. ஈறு வீக்கம் வடிந்ததால் வேர் கொஞ்சம் வெளியே தெரிந்து, ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றார். அதற்குக் கூச்சம் குறைக்கும் பற்பசை எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.