மெடிக்கல் ரூமில் கூட்டம் குறைந்தால் கவலைப்படுங்கள்

வடசென்னையில் மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் உள்ள சில தொழிற்சாலைகளுக்குத் தொழில்நல மருத்துவராகப் போய்வருகிறேன். ஒரு கம்பெனியில் காஸ்ட் கட்டிங் தொடங்கிவிட்டது என்று நிர்வாகம் என்னிடம் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மெடிக்கல் ரூமுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டம் கூடாது, குறையும்.

சாதாரண நாட்களில் தலைவலி, வயிற்றெரிச்சல், கண்ணில் தூசி, விரலில் வெட்டு என்று காலையிலேயே நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "ஆள் எடுக்கப் போறாங்களாம்" என்ற பேச்சு கேண்டீனில் கிளம்பினால் போதும், சில வாரங்களில் பெஞ்ச் காலியாகிவிடும். மாதாந்திரக் கூட்டத்தில் இதை நல்ல செய்தியாகவே காட்டுவார்கள். கேட் அருகே 'விபத்தில்லா நாட்கள்' பலகையில் எண் ஏறிக்கொண்டே போகும். உண்மையில் யாருக்கும் உடம்பு தேறிவிடவில்லை. மெடிக்கல் ரூம் நோட்டில் பேர் ஏறினால் நாளைக்கு வேறொரு பட்டியலிலும் அதே பேர் ஏறும் என்ற பயம்தான்.

விரலில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு நான்கு நாள் மெஷின் ஓட்டிய ஒருவர், சீழ் வைத்து வீங்கிய பிறகுதான் வந்தார். அப்போதும், "மருந்து மட்டும் குடுங்க மேடம், நோட்டுல எழுதாதீங்க" என்றார். ஆள்குறைப்புப் பேச்சு ஓடும் எல்லா இடத்திலும் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: செலவுக் குறைப்பு நடக்கும் காலத்தில் விபத்துக் கணக்கு இறங்கினால் அதைக் கொண்டாட வேண்டாம், விசாரியுங்கள்.

எதை முதலில் வெட்டுகிறார்கள் என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பெரிய செலவுகளில் கை வைக்க மேலிடத்தின் கையெழுத்து வேண்டும். கையுறைக்கும் சோப்புக்கும் வேண்டாம். ஆகவே வாரத்துக்கு ஒரு ஜோடி கிளவுஸ் மாதத்துக்கு ஒன்றாகிறது. எண்ணெயில் ஊறிய கிளவுஸை மறுபடி மறுபடி போட்டுக்கொள்வதை விட வெறுங்கை மேல் என்று சொல்வேன். அந்த எண்ணெய் நாள் முழுக்கத் தோலோடு ஒட்டியே கிடக்கும், கை முழுக்கச் செதில் செதிலாக உரியும். ஒரு தரம் போட்டு எறிய வேண்டிய ஃபோம் இயர் பிளக் பேண்ட் பாக்கெட்டிலேயே வாரக்கணக்கில் கிடந்து, காதுக்குள் புண் வைக்கிறது. புண் வந்தவர் பிளக்கையே விட்டுவிடுகிறார். காது நரம்பு இரைச்சலில் செத்துவிட்டால் எந்த மருந்தாலும் திரும்பாது.

இரைச்சல் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தொழிற்சாலை விதியில் சொல்லும் 90 டெசிபல் வரம்பு 8 மணி நேர வேலைக்கானது. ஆளைக் குறைத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை ஓ.டி.யில் 12 மணி நேரம் நிறுத்தினால், மெஷினின் சத்தம் கூடாமலேயே அது வரம்பு மீறியதாகிவிடுகிறது. அளந்து பார்த்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்! 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தது நினைவிருக்கும். ஆள் பற்றாக்குறை என்ற பெயரில் அதே 12 மணி நேரத்தை நான் ஷாப் ஃப்ளோரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் என்பதும் பல இடங்களில் 'அப்புறம் ஒரு நாள் லீவு எடுத்துக்கோ' என்று சுருங்கிவிடுகிறது.

எனக்கு அதிகக் கோபம் வருவது நைட் ஷிப்ட் சாப்பாட்டை நிறுத்தும்போது. ஒரு இடத்தில் சாப்பாட்டை எடுத்துவிட்டு டீயும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். ஒரு தட்டுக்கு என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, அந்த ஷிப்டில் எத்தனை பேர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரியாது. எனக்குத் தெரியும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பார்வை மங்கும், யோசனை தடுமாறும். இதெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கு, பிரஸ் மெஷின் முன்னால் நிற்கும் ஆளுக்கு நடக்கிறது. தொழிற்சாலைச் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் கட்டாயம் என்றிருந்தது. பணியிடப் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பு அதை 100 பேர் என்று இறக்கியிருக்கிறது, காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து. இந்தப் பக்கத்துக்கு இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது மில் தொழிலாளர்கள் முன்வைத்த குறைகளில் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று.

ஹவுஸ்கீப்பிங் ஆட்களைப் பாதியாக்கினால் கழிப்பறை நாறும். பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் சிறுநீர்த் தொற்று, ஜுரம், லீவு. கம்பெனி பஸ்ஸை நிறுத்தினால், பத்து மணி நேரம் நின்ற ஆள் தூக்கக் கண்ணோடு பைக்கில் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போவார். வேலைக்கு வரும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தையும், நேரத்துக்கும் இடத்துக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால், வேலைக் காயமாக எடுத்துக்கொள்ள 2010-லேயே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பல குடும்பங்களுக்கு இது தெரியாமல் கிளெய்ம் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

வேலை போனவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வேலையில் மிஞ்சியவர்கள் என் அறைக்கு நெஞ்சு வலி என்று வருகிறார்கள். இ.சி.ஜி. நார்மலாக இருக்கும், ஆனால் இரவில் தூக்கம் கிடையாது. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள், போன நண்பனுக்கு போன் செய்யக் கூச்சப்படுகிறார்கள். இதில் நடுவில் நசுங்குவது சூப்பர்வைசர்கள். பட்டியல் போட்டவர் வேறு யாரோ. பத்து வருஷம் ஒரே டிபனைப் பகிர்ந்து சாப்பிட்டவனிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் இவர். இவர்களுக்கு யூனியனும் இல்லை, பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யும் இல்லை, அதற்கான 21,000 ரூபாய் மாதச் சம்பள வரம்பைத் தாண்டிவிடுவதால். மனசு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லவே தயங்குபவர்கள் 14416-ஐக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் எண், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

கம்பெனி நஷ்டத்தில் இருந்தால் செலவைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கேட்பது ஒன்றுதான்: என்ன போகிறது, எப்போது போகிறது என்பதை முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லுங்கள். வதந்தி ஓடும் மாதங்களில் ஏறும் பி.பி., கசப்பான செய்தியே ஆனாலும் உறுதியாகத் தெரிந்த பிறகு பலருக்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். சட்டமும் இதைத்தான் கேட்கிறது. சம்பளம், அலவன்ஸ், ஷிப்ட் மாற்றம் ஆகியவற்றோடு, வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையை நிறுத்துவதற்கும் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் அந்த 21 நாள் அப்படியே இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் திடீரென்று ஒரு தாள் ஒட்டி, மறுநாளே பஸ்ஸை நிறுத்துபவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம்.

தொழிலாளர்களுக்கு: 'நோட்டுல எழுதாதீங்க' என்று கேட்காதீர்கள். இ.எஸ்.ஐ.யில் வேலைக் காயத்துக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் வரும். சாதாரண நோய் லீவு என்று போட்டால் 70 சதவீதம்தான். அந்த வித்தியாசம் விபத்துப் பதிவேட்டில் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. நைட் ஷிப்டில் அடிபட்டால் அப்போதே எழுத வையுங்கள், பார்த்த ஒருவரின் பெயரோடு. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் இதே நடைமுறைதான். காண்ட்ராக்டர் பணம் கட்டவில்லை என்று சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது, இ.எஸ்.ஐ. சந்தாவை முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு, நீங்கள் வேலை செய்யும் அந்தக் கம்பெனியுடையது.