நிகழ்வுச் சந்தா

'இது நடந்தால் எனக்குத் தகவல் சொல்' என்று நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைப்பதுதான் ஈவென்ட் சப்ஸ்கிரிப்ஷன்.

சப்ஸ்கிரைப் என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'அடியில் எழுதுதல்' என்று பொருள். ஆவணத்தின் அடியில் கையெழுத்துப் போடுவதைக் குறித்த சொல், அப்புறம் பணம் தர ஒப்புக்கொள்வதையும் குறித்தது. பத்திரிகைச் சந்தா அப்படி வந்ததுதான். கணினிக்கு வந்தபோது பணம் கழன்றுகொண்டது. பெயர் கொடுப்பது மட்டும் நின்றது.

மைக்ரோசாஃப்டின் கட்டளை, ஸ்கிரிப்ட் கருவியான பவர்ஷெல்லில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பவர்ஷெல்லுக்கு அடித்தளமான டாட்நெட்டில் உள்ள ஃபைல்சிஸ்டம்வாட்சர் என்ற வகுப்பு, கோப்புறையில் புதுக் கோப்பு வந்தால் 'கிரியேட்டட்' நிகழ்வை எழுப்பும். டாட்நெட்டின் நிரல்மொழியான சி ஷார்ப்பில் += போட்டால் கையாளி, அதாவது நிகழ்வு நடந்ததும் ஓட வேண்டிய செயல், சேரும், -= போட்டால் விலகும். ஆனால் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அந்த வகுப்புக்கு வெளியே இருந்து கேட்க முடியாது.

பவர்ஷெல்லில் ஆட்_கிரியேட்டட் மூலம் நேரடியாகவும் சேரலாம். சிக்கல் என்னவென்றால், நிகழ்வு வேறொரு த்ரெட்டில், அதாவது நிரலின் இன்னொரு இணை ஓட்டத்தில், எழுகிறது. அங்கே ஸ்கிரிப்டை ஓட்டத் தேவையான பவர்ஷெல் சூழல் (ரன்ஸ்பேஸ்) இல்லாததால் பிழைதான் மிஞ்சும். ரெஜிஸ்டர்-ஆப்ஜெக்ட்ஈவென்ட் கட்டளையில் பவர்ஷெல்லே நடுவில் நின்று நிகழ்வை வாங்கி, வரிசையில் வைத்து, நம் செயலை ஓட்டுகிறது. பட்டியலும் அதன் கையில் இருப்பதால் கெட்-ஈவென்ட்சப்ஸ்கிரைபர் என்று கேட்டால் சந்தா எண், மூலப் பொருள், நிகழ்வின் பெயர், செயல் எல்லாம் வரும். மறைத்து வைத்த சந்தாக்களைப் பார்க்க -ஃபோர்ஸ் சேர்க்க வேண்டும். நேரடியாகச் சேர்த்தவை இதில் வரவே வராது.

சந்தாவுக்கு நாமே ஓர் அடையாளப் பெயர் கொடுப்பது நல்லது. அதே கன்சோலில் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால், 'அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது' என்று பிழை வந்து, இரண்டாவது சந்தா சேராமல் நின்றுவிடும். பெயர் இல்லையென்றால் இரண்டாவது சந்தாவும் சத்தமில்லாமல் சேர்ந்து, ஒரு கோப்புக்கு இரண்டு முறை செயல் ஓடும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'நிகழ்வுப் பதிவு' என்றால் நடந்தவற்றைக் குறித்து வைக்கும் ஈவென்ட் லாக் என்று படித்துவிடுவார்கள். அது வேறு சங்கதி. சந்தா உருது வழியாக வந்த சொல்தான், ஆனால் தமிழில் எல்லோருக்கும் புரியும். ஆகவே நிகழ்வுச் சந்தா என்பதே என் தேர்வு. ஹேண்ட்லருக்குக் கையாளி, சந்தாவை விலக்கும் அன்ரெஜிஸ்டருக்குச் சந்தா நீக்கம். சப்ஸ்கிரைபரைச் சந்தாதாரர் என்றால் ஓர் ஆளைச் சொல்வதுபோல் இருக்கிறது; கெட்-ஈவென்ட்சப்ஸ்கிரைபர் தருவதைச் சந்தாப் பட்டியல் என்றே சொல்லலாம்.