ஃப்ரீ ஏஜென்ட்: சொல் விளக்கம்

2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோ என்ற 26 வயது அவுட்ஃபீல்டரை (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்) 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் பேசி எடுத்தது. பேஸ்பாலில் அதுவரை யாருக்கும் இவ்வளவு பெரிய ஒப்பந்தம் அமைந்ததில்லை. அப்போது சோட்டோ ஒரு ‘ஃப்ரீ ஏஜென்ட்’, அதாவது எந்த அணியின் ஒப்பந்தத்திலும் இல்லாமல், தன் அணியைத் தானே தேர்ந்துகொள்ளக்கூடியவர். நம் காதுக்கு ஃப்ரீ என்றால் இலவசம், ஏஜென்ட் என்றால் தரகர். இரண்டுமே இங்கே பொருந்தாது. ‘சுதந்திர முகவர்’ என்று எழுதினால் குழப்பம் இன்னும் கூடும். ஏனென்றால் சோட்டோவுக்காகப் பேரம் பேசிய ஸ்காட் போராஸ்தான் உண்மையான முகவர்.

ஏஜென்ட் என்பதன் வேர், ‘செய்’, ‘செலுத்து’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல். அதாவது செய்பவர், நம் இலக்கணத்தில் வினைமுதல் அல்லது கருத்தா. பிறருக்காகச் செய்பவர் என்ற பொருள் அதன் ஒரு கிளைதான். ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்ற தொடரோ விளையாட்டில் பிறந்ததே அல்ல. யாரும் ஏவாமல் தன் விருப்பப்படி செயல்படும் மனிதரைக் குறிக்க, சமயவாதிகளும் தத்துவம் பேசியவர்களும் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பயன்படுத்தினார்கள்.

பேஸ்பாலுக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது? அங்கே நெடுங்காலம் ஆட்டக்காரர் அப்படி இல்லை என்பதால்தான். 1879இல் முளைத்த ‘ரிசர்வ்’ ஏற்பாடு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரை அதே அணியோடு கட்டிப்போட்டது. அணி விரும்பினால் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வேறு அணிக்கு மாற்றிவிடும். அவரை யாரும் கேட்கமாட்டார்கள். 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவரும் ஓர் அவுட்ஃபீல்டர்தான். ‘வாங்கவும் விற்கவும் நான் சொத்து அல்ல’ என்ற கருத்தில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், வழக்கும் தொடுத்தார். 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பூட்டு உடைந்தது 1975 டிசம்பரில். ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரு பந்துவீச்சாளர்களின் முறையீட்டில், ரிசர்வ் கட்டு ஓராண்டுக்கு மேல் செல்லாது என்றார் பீட்டர் சைட்ஸ். இவர் ஆட்ட நடுவர் அல்ல, தகராறு தீர்க்கும் நடுவர். மறு ஆண்டு அணி உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பெரிய லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில்) ஆறு ஆண்டு ஆடியவருக்குத் தன் அணியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. அந்த நவம்பரிலேயே யாங்கீஸ் அணி ரெஜி ஜாக்சனை ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டாலருக்கு எடுத்தது. மறுபடியும் ஓர் அவுட்ஃபீல்டர்!

இதை ஐபிஎல் ஏலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அதிக விலை கேட்ட அணிக்குத்தான் போகவேண்டும். இங்கே குறைந்த தொகை தரும் அணியைப் பிடித்திருந்தால் அதற்கும் போகலாம். சோட்டோவே 2022இல், உரிமை வருமுன், அப்போதைய அணியான வாஷிங்டன் நீட்டிய 44 கோடி டாலரை வேண்டாம் என்றவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விடுவிக்கப்பட்ட வீரர்’ என்றால் அணி கழற்றிவிட்டவர் போலத் தொனிக்கிறது. ‘கட்டிலா ஆட்டக்காரர்’ பொருளில் சரி, ஆனால் படித்ததும் கட்டில்தான் நினைவுக்கு வரும். என் தேர்வு ‘தன்னுரிமை ஆட்டக்காரர்’. ஒப்பந்தம் முடிந்தவர், அணி கைவிட்டவர் இருவருக்கும் பொருந்தும். யார் கையில் முடிவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. அவுட்ஃபீல்டருக்கு ‘வெளிக்கள வீரர்’ போதும்: வைர வடிவ உள்களத்துக்கு அப்பால் இடம், நடு, வலம் என்று நிற்கும் மூவரில் ஒருவர்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தால்: 2029 பருவம் முடிந்ததும் சோட்டோ விரும்பினால் மீண்டும் தன்னுரிமை ஆட்டக்காரர் ஆகலாம், மீதி ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் கூட்டிக் கொடுத்தால் மெட்ஸ் அதைத் தடுத்துவிடலாம்.