மாம்பழக் கையும் சுகர் மெஷினும்

போன மே மாதம் ஒரு அம்மா ஒன்றும் சாப்பிடாமல் பதறிக்கொண்டு வந்தார். காலையில் வெறும் வயிற்றில் வீட்டு மெஷினில் 286 காட்டியதாம். "ராத்திரி ரெண்டு இட்லிதான் சார் சாப்பிட்டேன்." கையைக் கழுவச் சொல்லி என் மெஷினில் பார்த்தேன்: 124. விசாரித்தால், பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே விரலைக் குத்தியிருக்கிறார்.

ஸ்ட்ரிப் உறிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம். அதில் பழச்சாறு துளி ஒட்டினாலும் எண் எகிறிவிடும். ஸ்பிரிட் பஞ்சை நம்ப வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். ஈரக்கையில் ரத்தம் நீர்த்து எண் குறையும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. கணவனும் மனைவியும் ஒரே ஊசியில் குத்திக்கொள்வதையும் பார்க்கிறேன். மஞ்சள் காமாலைக் கிருமி இப்படியும் பரவும்.

எந்த மெஷின் வாங்குவது என்று கேட்டால், "உங்க தெரு மெடிக்கல்ல எந்த ஸ்ட்ரிப் எப்பவும் இருக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். மெஷின் ஒருமுறைச் செலவு, ஸ்ட்ரிப் மாதாமாதம். சலுகை விலையில் வாங்கி, ஸ்ட்ரிப் கிடைக்காமல் பீரோவில் தூங்கும் மெஷின்கள் ஏராளம். பெட்டியில் ஐஎஸ்ஓ 15197:2013 என்று இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்கிறது. லேபில் 200 என்றால், வீட்டில் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் மெஷின் பழுதில்லை. சாப்பிட்ட பிறகு, விரல் ரத்தத்தில் சர்க்கரை கை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ரத்தசோகை இருந்தாலும் மெஷின் கூட்டிக் காட்டக்கூடும்.

ஸ்ட்ரிப் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அடுப்பு மேடைப் பக்கமும் வேண்டாம். ஈரம்தான் அதற்கு எமன். நாலைந்தை மட்டும் எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் கூடாது. திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

அப்புறம், தினமும் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து நோட்டை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். சாப்பாட்டின் முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த எண்ணும் எனக்கு வேண்டும். பொங்கலா, சப்பாத்தியா என்று பக்கத்தில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

எண் திடீரென்று எகிறினால் கையைக் கழுவிப் புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். வியர்த்துக் கை நடுங்கி, 70-க்குக் கீழே காட்டினால் அது வேறு கதை. அப்போது மெஷினைச் சந்தேகப்பட்டு நிற்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து முதலில் குடியுங்கள். மறுபடி குத்திப் பார்ப்பது 15 நிமிடம் கழித்து.