கம்பைலர்: தொகுப்பியா, பெயர்ப்பியா?

நாம் எழுதும் நிரலைக் கணினியின் பொறிமொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். தமிழில் தொகுப்பி என்றும் தொகுப்பான் என்றும் எழுதுகிறார்கள். மாற்றுகிற ஒன்றுக்கு எதற்குத் தொகுக்கிற பெயர்?

வேர் லத்தீனில் இருக்கிறது. கொம்பிலாரே என்றால் அங்கே கொள்ளையடிப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பலர் எழுதியதைத் திரட்டி நூலாக்குவது என்று சாதுவாகிவிட்டது. ஐங்குறுநூற்றைக் கூடலூர் கிழார் தொகுத்தார் என்கிறோமே, அந்தத் தொகுத்தல்.

கணினி உலகில் இச்சொல்லைப் புழங்கவிட்டவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர். 1952இல் யுனிவாக் கணினிக்கு அவர் எழுதிய ஏ-0 என்ற நிரல், காந்த நாடாவில் இருந்த துணைநிரல்களில் வேண்டியவற்றை எடுத்து ஒரே நிரலாகக் கோத்தது. அசல் தொகுப்பு வேலை, பெயரும் பொருந்தியது. 1957இல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியும் அதன் கம்பைலரும் வந்தன. சூத்திரம் போன்ற வரிகளைப் பொறிமொழியாக்குவதே முதன்மை வேலையானது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இந்தக் குழப்பத்தை நேரிலேயே பார்க்கலாம். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில், கம்பைலரை அழைக்க ஜிசிசி என்று தட்டினால் ஓடுவது ஒரே நிரல் இல்லை. ஜிசிசி ஒரு மேஸ்திரி. ஆளை ஏவுவதுதான் அதன் வேலை. முதலில் சிசி1 வந்து, சி மொழியில் எழுதிய நிரலை, பொறிமொழிக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழிக்கு மாற்றும். கறாராகச் சொன்னால் கம்பைலர் இதுதான். அப்புறம் ஏஎஸ் என்ற அசெம்பிளர் அதைப் பொறிமொழிக் கோப்பாக்கும். கடைசியில் எல்டி என்ற இணைப்பி, நூலகங்கள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுதிகளோடு சேர்த்து, ஓடக்கூடிய கோப்பைத் தரும். கட்டளையோடு '-வி' சேர்த்துப் பாருங்கள், யாரை எப்போது ஏவுகிறது என்பது திரையிலேயே வரும். நீங்கள் பெயர் சொல்லாவிட்டால், ஓடக்கூடிய அந்தக் கோப்புக்கு ஏ.அவுட் என்று பெயர். அசெம்பிளர் அவுட்புட் என்பதன் சுருக்கம் அது. இன்று அதை எழுதுவதோ அசெம்பிளர் இல்லை, இணைப்பி. இதுவும் ஒட்டிக்கொண்ட பெயர்தான்!

ஆக, ஹாப்பர் சொன்ன தொகுப்பு வேலையை இன்று பெரும்பாலும் செய்வது எல்டி. போதாததற்கு, தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு' என்றால் எடிட் செய்வது. தொகுப்பி என்றதும் உரை எழுதும் செயலி நினைவுக்கு வந்தால் வாசகரைக் குறை சொல்ல முடியாது.

என் ஓட்டு 'நிரல்பெயர்ப்பி'க்கு. மொழிபெயர்ப்பில் உள்ள அதே பெயர்த்தல். செய்யும் வேலையைச் சொல்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. 1999 முதல் ஜிசிசியின் விரிவு குனூ கம்பைலர் கலெக்‌ஷன். பழைய சொல்லில் அது 'குனூ தொகுப்பித் தொகுப்பு' ஆகிவிடும்.