வார் இருக்க இசைக்குழு எதற்கு?

“இசைக்குழுவை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைக்கவும்.” அம்மா கையில் கட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியோடு வந்த தாளில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, “இதுல பாட்டுக் கச்சேரி எங்கடா வந்துச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோபம்தான் வந்தது.

முதல் தடவையாக இருந்தால் விட்டிருப்பேன். இணையக் கடைகளில் “சிலிகான் இசைக்குழு”, “தோல் இசைக்குழு, 20 மி.மீ.” என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது. இயந்திரம் மொழிபெயர்த்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவர் வாய்விட்டு ஒரு முறை படித்திருந்தால் போதும், அந்த வரி அங்கேயே நின்றிருக்கும்.

ஆங்கிலத்தில் இருப்பது ‘பேண்ட்’. கையில் கட்டும் வாருக்கும் வாத்தியக் கோஷ்டிக்கும் அங்கே ஒரே எழுத்து. வாரைக் குறிப்பது, கட்டுவது என்று பொருள்படும் ஜெர்மானிய வேரிலிருந்து வந்த சொல், ‘பைண்ட்’ என்ற வினைக்கு உறவு. வடமொழியின் ‘பந்தம்’ அதற்குத் தூரத்துச் சொந்தம். கூட்டத்தையும் வாத்தியக் கோஷ்டியையும் குறிக்கும் ‘பேண்ட்’ பிரெஞ்சு வழியாக வந்தது. வாரையே குறிக்கும் ‘ஸ்ட்ராப்’ கிரேக்கத்தில் தொடங்கி லத்தீன் வழியாக வந்த இன்னொரு சொல். ஆங்கிலக் கதை இவ்வளவு போதும்.

நம்மிடம் இருக்கும் சொல் வார். ‘வார்தல்’ என்றால் நீளவாக்கில் கீறி எடுப்பது. தோலை அப்படி வார்ந்து எடுத்தது வார். கன்னடத்தில் பாரு, தெலுங்கில் வாரு, மலையாளத்தில் வார் என்று அக்கம்பக்கத்திலும் இதே சொல்தான். புறநானூற்றின் 50-ஆம் பாட்டில், முரசு கட்டிலில் அறியாமல் படுத்து உறங்கிய மோசிகீரனார், அந்த முரசைச் சொல்லும்போது “மாசற விசித்த வார்புறு வள்பின்” என்கிறார். குறையில்லாமல் இழுத்துக் கட்டிய தோல்வார். இன்றைக்கும் மிருதங்கத்தின் இரு பக்கத்துத் தோலையும் இழுத்துப் பிடித்து நிற்பதன் பெயர் வார்தான். இவ்வளவு காலமாக ஒரே வேலையைச் செய்துவரும் சொல் அது.

இசைக்குழு வெறும் பிழை, சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள். எனக்குப் பெரிய சண்டை ‘பட்டை’யோடு. அக்கறையோடு மொழிபெயர்ப்பவர்கள் போடுவது அதைத்தான்: மணிக்கட்டுப் பட்டை, கைப்பட்டை, கடிகாரப் பட்டை. நல்ல தமிழ்ச்சொல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது இந்தப் பொருளுக்கு உரிய சொல் இல்லை. பட்டை சொல்வது வடிவத்தை. மரத்தின் பட்டை, நெற்றியில் திருநீற்றுப் பட்டை, குழம்புக்குத் தாளிக்கும் பட்டை, வானொலியின் அலைப்பட்டை. இவற்றில் எது எதைக் கட்டுகிறது? வார் சொல்வது வேலையை. இழுத்துக் கட்டும், பிடித்து நிறுத்தும், அறுந்தால் மாற்றலாம். கையில் கருவியை நிறுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எங்கே போய்த் தேடுவது?

வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே தாளின் பின்பக்கமே சாட்சி. இசைக்குழு அங்கே பட்டையாக மாறியிருந்தது. திரையில் இலக்கு நிரம்புவதைக் காட்டும் பச்சைக் கோட்டுக்கும் பட்டை என்றே பெயர். “பட்டை முழுமையாகத் தெரியவில்லை எனில் பட்டையை இறுக்கி மீண்டும் முயலவும்.” எந்தப் பட்டை தெரியவில்லை, எந்தப் பட்டையை இறுக்குவது? அம்மா ஒரு வாரம் அதை நரம்பு புடைக்க இறுக்கிக் கட்டியிருந்தார். மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. இதைப் பார்த்த பிறகும் ‘சொல்லில் என்ன இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

வார் என்றால் தோல்தானே, சிலிகானுக்கு எப்படிப் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஹவாய் செருப்பை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் தோல் எங்கே இருக்கிறது? அத்தனையும் ரப்பர். ஆனாலும் ஊரே ‘செருப்பு வார் அறுந்துபோச்சு’ என்றுதான் சொல்கிறது. அடி நன்றாக இருந்தால் வாரை மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிறோம். இந்தக் கருவியிலும் நடப்பது அச்சு அசல் அதுதான்: கருவி அப்படியே இருக்க, வாரை மட்டும் மாற்றுகிறோம். கண்ணி கண்ணியாகக் கோத்த உலோகத்துக்கு மட்டும் வார் ஒட்டாது. அதை மக்களே செயின் என்று பிரித்துவிட்டார்கள், சங்கிலி என்று எழுதினால் சரி. இலங்கையில் ‘பட்டி’ என்கிறார்கள். இடுப்புப் பட்டி, ஆசனப் பட்டி என்று அங்கே அது உயிரோடு புழங்குகிறது, அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் பட்டி என்றால் ஊர், இல்லையென்றால் ஆடு மாடு அடைக்கும் இடம்.

‘பேண்ட்’ என்றே எழுதினால் என்ன என்பவர்களும் உண்டு. எழுதலாம், ஆனால் அது கருவிக்கும் பெயராகிவிட்டது. 2014-இல் வந்த ‘மி பேண்ட்’ என்ற அடி எண்ணும் கருவிக்குப் பிறகு, கையில் கட்டும் முழுப் பொருளையும் ‘பேண்ட்’ என்கிறோம். ‘பேண்டை மாத்தணும்’ என்று கடையில் சொன்னால் புதுக் கருவியை எடுத்து வைக்கிறார்கள். அம்மாவோடு கடிகாரக் கடைக்குப் போனபோது நான் அப்படித்தான் சொன்னேன், கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அம்மா குறுக்கிட்டு, “வாட்சு வார் அறுந்துபோச்சுப்பா” என்றார். அவ்வளவுதான், அவர் பெட்டியை மூடிவிட்டு எவர்சில்வர் ஸ்கேலை எடுத்து, வார் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு இடையே வைத்துப் பார்த்தார். “இருபதும்மா. இருபத்திரண்டு உட்காராது.” ஸ்பிரிங் வைத்த சின்னப் பின்னை நகத்தால் இழுத்துப் பழைய வாரைக் கழற்றினார். புது வாரைச் செருகி, டிக்கென்று சத்தம் கேட்டதும், இரண்டு பக்கமும் வெடுக்கென்று ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

எல்லாக் கருவிக்கும் ஸ்கேல் உதவாது. நடுக்கருவியை வாருக்குள் அமுக்கிப் பொருத்தும் வகையில் மாடல்தான் கணக்கு. மி பேண்ட் 3-க்கும் 4-க்கும் ஒரே வார். 5-க்கும் 6-க்கும் ஒன்று. 4-இன் வாரில் 5 நுழையாது. இதையெல்லாம் தெளிவாகச் சொல்ல, கருவிக்கு ஒரு பெயரும் வாருக்கு ஒரு பெயரும் வேண்டாமா?

பராமரிப்பு விஷயத்தில் தெளிவு இன்னும் முக்கியம், ஏனென்றால் இது நாளெல்லாம் தோலோடு ஒட்டிக் கிடக்கிற பொருள். 2014-இல் ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற இதே வகைக் கருவியை அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றார்கள், கட்டியவர்களின் தோலில் தடிப்பு வந்ததால். சாதாரண வாரிலும் வியர்வையும் சோப்பும் அடியில் தங்கினால் அரிப்பு வரும். தளர்ந்து கிடந்தால் வேறு தொல்லை: கருவி பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, திரும்பி வருவதை வைத்துத்தான் நாடித்துடிப்பை எண்ணுகிறது, இடுக்கில் வெளிச்சம் புகுந்தால் கணக்கு தப்பும்.

இவ்வளவையும் எளிமையாகச் சொல்ல வேண்டிய தாளின் தலைப்பு ‘உடற்தகுதிக் கண்காணிப்பான்’. உடல், தகுதி இரண்டும் புணர்ந்தால் உடற்றகுதி. அது வாயில் நுழையவில்லையென்றால் உடல் தகுதி என்று பிரித்து எழுதலாமே. உடற்தகுதி எந்தக் கணக்கிலும் சேராது. கண்காணிப்பான் என்றதும் எனக்குத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிதான் நினைவுக்கு வருகிறார். அம்மா நடக்கிறார், கருவி எண்ணுகிறது. இதில் கண்காணிக்க என்ன இருக்கிறது? சொல்லுக்குச் சொல் வைத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். படிக்கப்போகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை.

அன்றைக்கு இரவே அந்தத் தாளின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி எழுதினேன். “வியர்த்த பிறகு வாரைக் கழற்றிக் கழுவவும். சோப்புப் போட்டால் நுரை முழுக்கப் போக அலசவும். நன்றாகக் காய்ந்த பிறகு கட்டவும். நடக்கும்போது வார் நகராத அளவுக்கு இறுக்கவும், வீட்டுக்கு வந்ததும் ஒரு துளை தளர்த்தவும். தோல் வாரில் தண்ணீர் படக் கூடாது.”

அம்மா ஒரே தடவை படித்தார். “வெயில்ல காயப்போடலாமா?” என்று கேட்டார். நிழலில்தான் என்றேன். பேனாவை வாங்கி, கடைசியில் அதையும் அவரே எழுதிக்கொண்டார்.